பதினெட்டரைக் கோப்பை

முதல் தேர்வில் நூற்றுக்கு முப்பத்தொன்று.
தேற ஐம்பத்தொன்று வேண்டும்.
அடைப்புக்குறிக்கு வெளியே நின்ற கழித்தல் குறியை
முதல் உறுப்புக்கு மட்டும் கொடுத்துவிட்டு
இரண்டாவதை அப்படியே விட்டிருந்தேன்,
ஏழு கணக்கிலும்.
கிரிசெல்டா டீச்சர் ஏழு இடத்திலும் வட்டம் போட்டிருந்தார்.
வேறொன்றும் எழுதவில்லை.

எல் ஆல்ட்டோவில் ஜூன் மாதம்
குழாயில் தண்ணீர் இளகப் பத்து மணியாகும்.
என் விரலும் அப்படித்தான்.
கையுறையோடு எழுதினால்
எக்ஸும் ஒய்யும் ஒரே மாதிரி விழும்.

பள்ளிக்கு ரோப் காரில் இறங்குவேன்.
போகிற கம்பிக்கும் வருகிற கம்பிக்கும்
கோபுரத்துக்குக் கோபுரம் அதே இடைவெளி.
எதிர்ப் பெட்டிக் குழந்தை கையசைக்கும்,
நான் அசைப்பதற்குள் மேலே போயிருக்கும்.
தீர்வே இல்லாத சமன்பாடுகள் உண்டு என்று
வகுப்பில் சொன்னபோது
எனக்கு உடனே புரிந்தது அது ஒன்றுதான்.
தீர்வு உள்ளவைதான் பிடிபடவில்லை.

பிரதியிட்டால் பின்னங்கள் குட்டி போட்டன.
நீக்கினால், நீக்கக் கூடாததை நீக்கினேன்.
ஒரு ராத்திரி எல்லாமே அழிந்து
சுழியம் சமம் சுழியம் என்று நின்றது.
கிழித்துப் போட்டு மறுபடி செய்தேன்.
மறுபடி சுழியம்.
இரண்டு வரியும் ஒரே சொல்லைத்தான்
சட்டை மாற்றிச் சொல்கின்றன என்று தெரிய
இரண்டு நாள் ஆனது.
தெரிந்த அன்று சத்தமாகச் சிரித்தேன்.
தம்பி போர்வைக்குள்ளிருந்து திட்டினான்.

அம்மா விடியற்காலையில் ஆப்பி விற்கிறாள்:
ஊதாச் சோளத்தில் காய்ச்சிய, நாக்கைச் சுடும் பானம்.
தொட்டுக்கொள்ள எண்ணெயில் உப்பிய பாஸ்டெல்,
உள்ளே பாலாடைக்கட்டி.
ஒரு கோப்பை ஆறு பொலிவியானோ, பாஸ்டெல் நாலு.
"இன்றைக்கு எத்தனை ஆப்பி போயிற்று?
நாளைக்கு எவ்வளவு மாவு ஊறவைக்க?" என்றாள்,
என்னிடம் அல்ல, பானையிடம்.

எண்ணி வைத்தவர் யாருமில்லை.
ஆனால் டப்பாவில் இருநூற்று ஒன்பது.
கைக்குட்டைத் தாள் கட்டில் ஐம்பதுக்கு ஏழு மிச்சம்.
எதைக் கொடுத்தாலும் ஒரு தாள் கொடுப்பாள்.
ஆக, நாற்பத்து மூன்று.
இரண்டு தெரியாதவை, இரண்டு வரி.
மாவுப் பையின் முதுகில் போட்டேன்.

பதினெட்டரைக் கோப்பை.
இருபத்து நாலரை பாஸ்டெல்.

அரை!
முன்பானால் அழித்திருப்பேன்.
குறிகளைப் பார்த்தேன். அடைப்புகளைப் பார்த்தேன்.
விடையைத் திரும்பவும் வரிகளுக்குள் ஊற்றினேன்;
ஒரு சொட்டும் சிந்தவில்லை.
கணக்கு சரி.
அப்படியென்றால் காலையில்தான் ஏதோ நடந்திருக்கிறது.

"அரைக் கோப்பை யாருக்கு ஊற்றினாய்?" என்றேன்.
அம்மா கரண்டியை நிறுத்தினாள்.
"உனக்கு யார் சொன்னது?"

ஷூ பாலிஷ் போடும் பையன்.
எல்லாரையும் போல முகமூடி, கண் மட்டும் தெரியும்.
கையில் அஞ்சுதான் இருந்ததாம்.
அரைக் கோப்பை, பிய்த்த பாதி பாஸ்டெல், ஒரே தாள்.
மீதிப் பாதியை அவளே தின்றாளாம், நின்றபடி.
கோப்பையின் மீதி பானைக்கே திரும்பிற்று.

நவம்பரில் அறுபத்தெட்டு வாங்கினேன்.
வட்டங்கள் இரண்டு, இரண்டும் கூட்டலில்.

அன்று கடைசி வரிசையிலிருந்து ரமிரோ
அழிரப்பர் கேட்டுக் கை நீட்டினான்.
ஐந்து நகத்தடியிலும் கறுப்பு.
அந்தக் கறுப்பு மசியில்லை, எனக்குத் தெரியும்.
காலையில் அவன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான்,
கண் எப்படி இருக்கும், குரல் எப்படி,
இரண்டு வரி போதும்; தீர்த்துவிடலாம்.

ரப்பரைக் கொடுத்தேன்.
பாதியாக்கித் திருப்பித் தந்தான்,
எப்போதும் போல.
நான் தீர்க்கவில்லை.