இடைக்காலத் தடை

குழித்துறை கோர்ட்டிலிருந்து காகிதம் வந்தது:
வழக்கு முடியும்வரை அந்த வஸ்துவில்
யாரும் வெட்டக் கூடாது, நடக் கூடாது, மண் அள்ளக் கூடாது.
மூவாற்றுமுகத்துக்குக் கீழே
கோதையும் பறளியும் கலந்து
முதல்முறையாக வளையும் இடத்தில்
ஒரு ஏக்கர் முப்பத்தேழு சென்ட்.
வாதி ரோஸ்லெட். பிரதிவாதி அவள் அண்ணன் ஸ்டீபன்சன்.
நடுவில் நான்,
அளவுச் சங்கிலியும் குடையுமாக.

முதல் தடவை போனபோது
அளப்பதற்கு நிலமே இல்லை.
ரப்பரை மூட்டோடு வெட்டி விற்றபின்
சூளைக்காரன் ஆளுயரத்துக்குத் தோண்டியிருந்தான்.
குழி நிறைய வெள்ளம்.
எங்கள் பக்கம் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர்.
செம்பில் இருந்தாலும் வெள்ளம்,
கூரைமேல் ஏறினாலும் வெள்ளம்.
நான்கு கல்லில் மூன்றைக் கண்டேன்.
படிவத்தில் எழுதினேன்: தரிசு.

நாலு வருஷம் கழித்து இரண்டாம் அளவு.
இடையில் இரண்டு ஐப்பசி
ஆறு உள்ளே ஏறிப் படுத்து எழுந்து போயிருந்தது.
தடை உத்தரவு அதற்குச் சார்வு செய்யப்படவில்லை.
குழியில் பாதி தூர்ந்திருந்தது,
மலையிலிருந்து வந்த கறுப்பு வண்டல்,
யாருடைய எஸ்டேட் மண்ணோ.
அதன்மேல் கம்யூனிஸ்ட் பச்சை இடுப்பளவு.
அதையும் தாண்டி வட்டை மரங்கள்,
தாம்பாளம்போல் இலை விரித்து.
அந்த நிழல் விழுந்த இடத்தில்
பச்சை வெளுத்துக் கிடந்தது.
எங்கிருந்தோ மிதந்து வந்த புங்கங்காய்கள்
சேறு காய்ந்த விளிம்பில்
வரிசை பிசகாமல் முளைத்திருந்தன,
ஆறு எதுவரை ஏறியது என்று
என்னைவிடச் சுத்தமாகக் கோடு போட்டு.

கையாள் பொன்னுமுத்தன் வெட்டுகத்தியை உருவினான்.
தடை இருக்குடே, என்றேன்.
இரண்டு பேரும் தவழ்ந்து போனோம்.
கைதை முள் அவன் சட்டையைக் கிழித்தது,
என் முதுகையும்.
கல் இரண்டு.

மூன்றாம் அளவு போன மாசம்.
இந்த முறை வந்த வெள்ளம் சாதாரணமில்லை.
வட்டை அத்தனையும் மேற்கே தலைவைத்துப்
படுத்திருந்தன, வாரிவிட்ட முடி மாதிரி.
முறிந்த இடத்தில் வெறும் சோறு.
பூஞ்சை ஏறிய அந்தத் தடியெல்லாம்
மண்ணைப் பிடித்து வைத்திருக்க
அதற்குப் பின்னால் அத்தி, நாவல்,
கொண்டைக்குருவி எச்சத்தில் வந்தவை,
திடீரென்று கிடைத்த வெயிலில் கூசி நின்றன.
ஆற்றுவஞ்சி மட்டும் வளைந்து கொடுத்து
கிளையெல்லாம் கந்தல் துணியும் ஒற்றைச் செருப்புமாய்.
ரப்பரும் வந்திருந்தது.
ஓரமாக, ஏழெட்டுக் கன்று,
பழைய சொந்தக்காரர்கள் நிற்பதுபோல.

கரையில் எவரோ எப்போதோ அறுத்த நீர்மருது.
செத்த மூடென்று முதல் அறிக்கையில் நான் எழுதியது.
அதைச் சுற்றி ஐந்து தண்டு,
ஒவ்வொன்றும் என் தொடைப் பருமன்.
கிழக்குப் பக்கத்து வேருக்குள்
வெள்ளையாய் ஏதோ ஒரு முனை.

ரோஸ்லெட் தொலைபேசியில் கேட்டாள்,
மரம் எவ்வளவு தேறும்?
அரைமணி நேரத்தில் ஸ்டீபன்சன்,
ஜேசிபி இறங்குமா?
பன்னிரண்டு சென்ட் எதிர்க்கரையில்
மணல்திட்டாய்க் கிடப்பதை
இரண்டு பேரிடமும் சொன்னேன்.
இரண்டு பேரும்
அது மற்றவர் பங்கு என்றார்கள்.

ராத்திரி படிவத்தை விரித்தேன்.
நன்செய், புன்செய், தரிசு, புறம்போக்கு.
நாலு கட்டத்திலும் அது அடங்கவில்லை.
விட்டுவிட்டுக் குறிப்புக்குப் போனேன்.
வடகிழக்குக் கல் மருதின் வேருக்குள்
இருக்கலாம் என்று தெரிகிறது.
வேரை வெட்டாமல் உறுதிசெய்ய இயலாது.
தடை நிலுவையில் உள்ளதால் வெட்ட இயலாது.

நீதிபதி இரண்டு தடவை வாசித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
வாய்தா போட்டிருக்கிறது,
கார்த்திகை ஏழு.

அதற்கு முன்னால்
ஒரு ஐப்பசி இருக்கிறது.