நாயைப் பிடியுங்கள்

எங்கள் பக்கம் யாரும் கதவைத் தட்டுவதில்லை.
வேலிக்கு வெளியே நின்று
"நாயைப் பிடியுங்கள்" என்று கூவ வேண்டும்.
எங்கள் நாய் இலையுதிர்காலத்திலேயே செத்துவிட்டது.
இருந்தும் அந்த நார்வேக்காரர் கூவினார்,
ஒவ்வொரு அசையையும் பல்லால் கடித்துக் கடித்து.
மங்கோலிய மொழியில் அவருக்குப் பிழையின்றி வந்தது
அந்த ஒரு வாக்கியம்தான்.

அம்மா ஞானஸ்நானம் பெற்று நான்கு மாதம்.
சபையார் வீடுகளைச் சந்திக்க வருகிறார்கள் என்று
உலான்பாத்தரின் வடக்குச் சரிவில், விடியும் முன்பே,
இரண்டு கேன் தண்ணீரைக் கைவண்டியில் இழுத்து வந்திருந்தாள்.
மொழிபெயர்க்கும் பாஸ்டருக்குக் காய்ச்சல்.
ஆகவே நான்:
பதினொரு வயது, பள்ளிக்கூட ஆங்கிலம்,
ஒழுகும் மூக்கு.

இருவரும் குனிந்து, வாசற்படியை மிதிக்காமல்
எங்கள் கம்பளிக் கூடாரத்துக்குள் நுழைந்தார்கள்.
தூர்லைஃப்பின் தலை கூரைக் கழியில் இடித்தது.
இங்குனின் கண்ணாடியில் படிந்த பனி
அடுப்பைக் கண்டதும் அழத் தொடங்கியது.

அப்பா எழுந்திருக்கவில்லை.
இரவெல்லாம் நிலக்கரி லாரி ஓட்டி வந்தவர்.
"எப்போது கிளம்புவார்களாம், கேள்."
"வழி சிரமமாக இருந்ததா என்கிறார்" என்றேன் ஆங்கிலத்தில்.
வழியெல்லாம் அழகு என்றார்கள்.
"சீக்கிரம்தானாம்" என்றேன் அப்பாவிடம்.

உப்புப் போட்ட பால்தேநீரை
மருந்து குடிக்கும் பிள்ளையைப்போல இங்குன் குடித்து முடித்தாள்.
செல்போனில் தங்கள் வீட்டைக் காட்டினாள்.
வீட்டைவிடக் கடல்தான் அதிகம் இருந்தது.
அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"இவ்வளவு தண்ணீரையும் யார் இழுத்து வந்தது?"
"அழகு என்கிறாள்" என்றேன்.

பிறகு தூர்லைஃப் பார்த்துவிட்டார்.
வடக்குப் பக்கத்துப் பெட்டியின்மேல்
பெரியப்பா தாவாஸம்பூவின் படம், வெண்ணெய் விளக்கு,
ஒரு சாண் தள்ளி அம்மா மாட்டிய சிலுவை.
அந்தச் சாணைப் பற்றி
எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.
"இதையாவது ஒழுங்காகச் சொல்.
என் அண்ணன் சுரங்கத்தில் செத்தான்.
இவர்கள் சாமியின் பேரை ஒருநாளும் கேட்டதில்லை.
இப்போது எங்கே இருக்கிறான்?"

கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.
சுரங்கத்துக்கு ஆங்கிலம் தெரியாமல்
"மண்ணுக்குள் இருக்கும் வேலை" என்றேன்.

தூர்லைஃப் அடுப்பையே பார்த்திருந்தார்.
பிறகு பேசினார்,
நீளமாக, மெதுவாக, கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு.
கிருபை மூன்றுமுறை வந்தது.
நியாயம் வந்தது. ஏதோ ஒரு வாசல் வந்தது.
பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதியும்
எங்கள் மொழிக்குள் குனிந்து நுழைய மறுத்தது.
அவர் முடித்தார்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்,
விளக்குக்குப் பின்னாலிருந்து பெரியப்பாவும்.

"தெரியாதாம்" என்றேன்.

அடுப்பில் ஒரு கரிக்கட்டி உடைந்து விழுந்தது.
அப்பா அங்கிக்குள் கைவிட்டு
பட்டுப்பையிலிருந்து மூக்குப்பொடிப் புட்டியை எடுத்தார்.
வலது உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.
பாஸ்டருக்குக்கூட நீட்டியதில்லை.
அளவு தெரியாமல் இழுத்த தூர்லைஃப்புக்கு எட்டுத் தும்மல்.
தன் பதில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று
கண்ணில் நீர் வழியச் சிரித்தார்.
நானும் சிரித்து வைத்தேன்.
அம்மாவிடம்கூட இன்றுவரை சொல்லவில்லை.

கிளம்பும்போது அவர்களது பழைய கொரிய வேன் உறைந்துகிடந்தது.
மைனஸ் முப்பத்தொன்று.
அப்பா பனியில் மல்லாந்து படுத்து
ஊதுவிளக்கால் எஞ்சினின் வயிற்றைச் சூடேற்றினார்.
இங்குன் கண்மூடி முணுமுணுத்தாள்.
"என்ன சொல்கிறாள்?" வண்டிக்கடியிலிருந்து குரல்.
"எஞ்சினுக்காக ஜெபம்" என்றேன்.
அன்று நான் சொன்னதில் அது உண்மை.

"நிறுத்த வேண்டாமென்று சொல்."

சொன்னேன்.