ஒற்றை உம்

“துறைமுகத்தை மூடவும்
பொறுப்பு அலுவலருக்கு
இதன்மூலம் அதிகாரம் வழங்கப்படுகிறது.”

பதினோரு ஆண்டுகளாகக் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது.
தட்டச்சு செய்தவள் நான்.
மூடவும் என்ற சொல்லின் கடைசியில் அந்த உம்
இன்னொரு சொல்லுக்காகக் கை நீட்டியபடியே நிற்கிறது.
திறக்கவும் என்று அன்றைய தலைவர் சொன்னாரா,
சொல்லுமுன் இருமினாரா,
என் அடுப்பில் விறகு சரிந்ததா,
நினைவில்லை.
கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது.
முத்திரை விழுந்தபின் பிழை என்று ஒன்று கிடையாது,
விதி என்றுதான் அதற்குப் பெயர்.

சிலோயே தீவின் கிழக்குக் கரையில் சின்னத் துறை எங்களுடையது.
வடக்குக் காற்று எழுந்தால்
சிறு படகுகளுக்குக் கடல் இல்லை.
வானொலியில் ஒரு வாக்கியம், வாசலில் ஒரு தாள்.

புதன் இரவு நெல்டா மயோர்கா மூடினாள்.
தலைவர் புவேர்த்தோ மோன்த்தில்,
முழங்கால் அறுவைக்காக மயக்கத்தில்.
இவள் சார்ஜென்ட்.
பெயருக்குப் பின்னால் ‘பொறுப்பு’,
கையொப்பத்துக்கு மேலே ‘தலைவருக்காக’.
அந்த ‘க்காக’வுக்குள் எத்தனை பேர் ஒளிந்து
ஓய்வூதியம் வரை போய்ச் சேர்ந்தார்கள் என்பது
கோப்பறைக்குத் தெரியும்.
இவள் ஒளிகிறவள் இல்லை. பேனாவை அழுத்துகிறவள்.
மூன்றாம் நகலிலும் எழுத்து புடைத்திருக்கும்.

நாலு மணிக்குக் காற்று செத்தது.
கடல், தட்டில் ஊற்றிய எண்ணெய்.
சரிவில் வரிசை: சிப்பி மூட்டைகள், காலி எரிவாயு உருளைகள்,
மடியில் போர்வையோடு எவரிஸ்தோ சீகுவாய்.
வியாழன் அவருக்கு டயாலிசிஸ்.
எட்டு மணிக்கு அக்கரையில் அந்த நாற்காலி அவருடையது,
எட்டரைக்கு வேறொருவருடையது.
“கடல் திறந்துதானே இருக்கிறது?” என்றார்.
கடல் திறந்திருந்தது.
துறை மூடியிருந்தது.

மாவட்டத் தலைமையைக் கூப்பிட்டாள்.
கொடுத்த அதிகாரத்தைக் கொடுத்தவர்தான் திரும்பப் பெறலாம்.
கொடுக்காததை?
அது கொடுக்காதவரிடமே இருக்கும்.
அவர் மயக்கத்தில் இருக்கிறார்.
அதிகாரம் மயங்குவதில்லை, சார்ஜென்ட்.

நான் ரொட்டியோடு உள்ளே நுழைந்தது அப்போதுதான்.
“மூடும் ஆணைக்கு முடிவு நேரம் போடக் கூடாது என்று
எங்கேயாவது இருக்கிறதா?”
கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்துப் படித்தோம்.
பின்பக்கமும் பார்த்தோம். அட்டைதான்.

தட்டு, என்றாள்.

“முந்தைய ஆணைக்கு மாற்றாக,
துறைமுகம் இதன்மூலம் மூடப்படுகிறது,
இன்று காலை ஐந்து மணி பத்து நிமிடம் வரை.”

கடிகாரத்தில் ஐந்து எட்டு.
இரண்டு நிமிடம், சட்டப்படி,
முறைப்படி, நகல்களோடு,
மூடியிருந்தோம்.
என் வாழ்நாளில் எதையும் அவ்வளவு கவனமாக மூடியதில்லை.
பிறகு எஞ்சின்கள் ஒவ்வொன்றாக இருமத் தொடங்கின.

செப்டம்பரில் விசாரணை. இரண்டு பேர், ஒரு தெர்மாஸ்.
அதிகாரத்தை மீறவில்லை என்று எழுதினார்கள்;
மீறியிருந்தால் வசதியாக இருந்திருக்கும்
என்ற தொனியில் எழுதினார்கள்.
நெல்டாவைத் தெற்கே ஒரு கலங்கரை விளக்கத்துக்கு மாற்றினார்கள்.
அங்கே மூட ஒன்றும் இல்லை.
எவரிஸ்தோ வியாழன்தோறும் போகிறார்.
போகும்போது என் ஜன்னலில் ஒரு விரலால் தட்டுவார்.
நிமிர்ந்து பார்ப்பதற்குள் சரிவில் இருப்பார்.

இன்று திருத்திய ஆணை மேசைக்கு வந்திருக்கிறது.
திறக்கவும் இந்த முறையும் இல்லை.
கதவைச் சுவராகவே விட்டுவிட்டு
சாவித்துவாரத்தை மட்டும் அடைத்திருக்கிறார்கள்:
“மூடும் ஆணையில் முடிவு நேரம் குறிப்பிடக் கூடாது.”

தட்டிக்கொண்டிருக்கிறேன்.
ஓரம் இரண்டு விரல். வரி நேராக.
‘குறிப்பிடக் கூட’ வரை வந்தாகிவிட்டது.
கால் போட்டால் கூடாது.
சுழித்தால் கூடும்.

அடுப்பில் விறகு சரிகிறது.