மாசமாயிருக்கான்

ஜீலாங் மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து
மூன்று பிரசவத்தின் வாசனையோடு
நேராக வந்துவிட்டேன் ஸ்வான் விரிகுடாவுக்கு.
இடுப்பளவு நீர். இரவல் பூட்ஸ், ஒரு சுற்றுப் பெரிசு.
வலையின் ஒரு முனை ப்ரியோனியிடம்,
மறுமுனை என்னிடம்.

அரித்துத் தூக்கினால் வெறும் கடற்புல்,
நாடா நாடாவாய், சேறு சொட்டச் சொட்ட.
"பார்" என்கிறாள்.
பார்க்கிறேன். புல்.
"இன்னும் பார்."
புல்லில் ஒன்று கண்ணை உருட்டியது.

குழாய்மீன். ஒரு சாண் நீளம்,
பருமன் பேனா ரீஃபில்.
பச்சை முதுகில் மிளகுப்பொடி தூவினாற்போல் புள்ளி.
வால்நுனியில் துடுப்பில்லை;
அந்த வாலால் புல்லைப் பிடித்துக்கொண்டு
புல் ஆடுகிற பக்கம் தானும் ஆடி
நாள் முழுக்க நிற்குமாம்.
பல் கிடையாது. இரைப்பையும் கிடையாது.
கூனிறால் குஞ்சைவிடச் சிறிய ஏதோவொன்று
மூக்கருகே வந்தால்
சட்டென்று ஓர் உறிஞ்சல்.
தங்காத சோறு. அடுத்த நிமிஷம் மறுபடி பசி.

வாளியில் விட்டு அடிப்பக்கம் புரட்டிக் காட்டினாள்.
வாலின் கீழே இரண்டு மடிப்பு, கொசுவம்போல் மூடி,
உள்ளே முட்டைகள், கேழ்வரகு கோத்த மாதிரி.
"ஆண்" என்றாள்.

பெண் வந்து சுற்றிச் சுற்றி ஆடுவாளாம்,
முட்டையை அவன் மடியில் கொட்டிவிட்டுப்
போய்விடுவாளாம் வேறு வேலை பார்க்க.

படிவம் என்னிடம். ஈரக்கை, பென்சில்.
ஆங்கிலக் கட்டத்துக்கு ஒரே எழுத்து போதும்.
ஓரத்தில் எனக்கென்று தமிழில் குறிக்கிற பழக்கம்;
அங்கேதான் முட்டிக்கொண்டது.
கர்ப்பிணி. இல்லை.
பிள்ளைத்தாய்ச்சி. நடுவிலேயே தாய் உட்கார்ந்திருக்கிறாள்.
நெல்லுக்குச் சூல் உண்டு, மேகத்துக்கு உண்டு,
சங்குக்கும் உண்டு.
ஆணுக்கென்று ஒரு சொல்
யாரும் செய்து வைக்கவில்லை.
பதினொரு வருஷமாய்ப் பிரசவ அறையில் நிற்கிறேன்,
எனக்கும் தேவைப்பட்டதில்லை.

கடைசியில் எழுதினேன்: மாசமாயிருக்கான்.
எழுதிவிட்டுச் சிரித்தேன்.
என்னவென்று கேட்டாள் ப்ரியோனி.
சொல்ல வரவில்லை.

மடி திறந்தால் நூலிழைக் குஞ்சுகள்
முழு மீனாகவே கிளம்பிவிடுமாம்.
பத்தியம் இல்லை, தொட்டில் இல்லை,
பெயர் வைக்க யாரும் கூடுவதில்லை.
அப்பன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்.

வாளியைச் சாய்த்தோம்.
ஒரு கணம் மீன். அப்புறம் புல்.

வீட்டில் தில்லைநாதன் தூங்கிக்கொண்டிருந்தார்,
வயிற்றின்மேல் மகள் குப்புறக் கிடக்க.
முழங்காலில் காய்ந்த சேற்றோடு
கதவருகே நின்றேன்.
தூக்கத்தில் கொஞ்சம் சரிந்தார்.
அவளும் அந்தப் பக்கமே சரிந்தாள்.