காற்றுத் தடுப்பு

ஸ்ரான்லி வீதி ஷோரூம் வாசலில்
ஒட்டகம் எழும்பினமாதிரி நிற்கிறது புதுசு.

"இருநூற்றைம்பது கிலோ.
கொக்குவில் ஒழுங்கைக்குள்ள திருப்பேலாது,
மதில் இடிக்கவேணும்" என்றான் யூட்.
நிமலேந்திரனுக்கு லீசிங் கணக்கு.
"முப்பது லீற்றர் ராங்க்" என்று தொடங்கிய பல் டொக்டர்
பெற்றோல் வரிசையில் படுத்த இரவுகளை நினைத்தாரோ என்னவோ,
மூடியைத் தடவியபடி நின்றுவிட்டார்.

கால் எட்டாத தர்மினிதான்
ஒருபக்கம் சரிந்து, பெருவிரலால் நிலம் தொட்டு
எழுப்பி, வல்லை வெளிவரை போய்வந்தாள்.
ஹெல்மெட்டைக் கழற்றவே நேரமெடுத்தாள்.

எப்படி?

"எல்லாம் சரி.
காத்து நெஞ்சில இடிக்கேல்ல."

விற்பனைப் பெடியன்
அதை நல்லதென்று எழுதிக்கொண்டான்.

என் எம்டி நைன்ரி மூன்றாம் உதையில் பிடித்தது.
பண்ணைப் பாலத்தில்
சேட்டு முழுக்கக் காற்று.