ஒழுகல் புகார்

பெருங்குடி. ஆறாவது மாடிக்கும் மேலே, மொட்டைமாடி.
புகார்: டிரெயின் பைப் ஒழுகுகிறது.
கத்திரி வெயில். ஸ்பேனரைக்
கைக்குட்டை சுற்றித்தான் பிடிக்க முடிந்தது.
அப்போது தலைக்கு மேலே அந்தக் கூச்சல்,
ஆட்காட்டி.

தளம் போட்டு மீந்த ஜல்லிக்கு நடுவே
ஜல்லி நிறத்திலேயே நான்கு முட்டைகள்.
இன்னும் ஓரடி வைத்திருந்தால்
என் செருப்பு.

தண்ணீர்த் தொட்டி நிழலுக்கு ஒதுங்கினேன்.
அது இறங்கி, நடந்து,
பைப் சொட்டித் தேங்கிய குட்டையில்
வயிற்றை அழுத்தி நனைத்துக்கொண்டு
ஈரம் காய்வதற்குள் ஓடி
முட்டைகள் மேல் கவிந்தது.
ஒரு டீ ஆறுவதற்குள் மூன்று முறை.

அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது
என்றல்லவா இத்தனை நாள் இருந்தேன்.
ராத்திரிக்கு அது சரி.
பகல் பன்னிரண்டு மணிக்கு
அதுவும் என் வேலையைத்தான் பார்க்கிறது,
காஸ் இல்லாமல், கம்ப்ரெசர் இல்லாமல்.

சர்வீஸ் சீட்டில் எழுதினேன்:
‘ஸ்பேர் வரணும். நாலு வாரம் ஆகும்.
இப்படிக்கு, இருதயராஜ்.’

ஆளைக் காட்டிக் கொடுக்கிற பறவை
படிக்கட்டுவரை கத்திக்கொண்டே வந்தது.
“மேலே என்னப்பா சத்தம்?” என்றார் மேனேஜர்.
“ஃபேன் பெல்ட், சார்.”