வரவுச் சோதனை

ரெம்ஷைடில் எப்போதும் மழை.
காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு
மூச்சிரைத்து மேடேறும் பேருந்தில்
பாதித் தூக்கத்தை முடித்துக்கொள்வேன்.

என் மேசை கிடங்கு வாசலில்.
ஒரு மைக்ரோமீட்டர், கடினம் பார்க்கும் கருவி,
சிவப்பு ஸ்டிக்கர், பச்சை ஸ்டிக்கர்.
சுவரில் ஓர் அட்டவணை:
உள்ளூர்ப் பெட்டி என்றால் நூறுக்கு இரண்டு எடு.
செக் என்றால் பத்து.
கிழக்கே போகப் போக எண் ஏறும்.
ஓசூர் என்றால்
ஒன்று விடாமல்.

யார் எழுதியது?
"முன்பே இருந்தது" என்றார் வீசெமான்,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

நூறையும் பார்த்தால் மூன்று சொத்தை அகப்படும்.
இரண்டை மட்டும் பார்த்தால்
ஊரே சொக்கத்தங்கம்.

கழிவறைக்குப் போகும் நடையில் ஒரு பழைய கடிதம்.
ஷெஃபீல்டு வியாபாரி எழுதியது,
இந்தக் கம்பெனியின் முதல் முதலாளிக்கு:
'உங்கள் அரங்கள் மட்டம். மலிவு ஒன்றே குணம்.
திருப்பி அனுப்பியிருக்கிறோம்.'
அந்தக் காலத்தில் பிரிட்டனில் சட்டம் போட்டார்கள்:
வெளிநாட்டுச் சரக்கில் பிறந்த நாட்டைக் குத்து,
வாங்குகிறவன் பார்த்து விலகட்டும் என்று.
இங்கேயும் சட்டம் போட்டிருக்கிறார்கள்,
தேக்கு நிறத்தில், கண்ணாடி வைத்து.
விருந்தாளிகள் படித்துச் சிரிக்கிறார்கள்.
ஒரு வசவு
சிரிப்பாக எத்தனை வருஷம் ஆகும்?

பிப்ரவரியில் ஒருநாள் ஸ்டிக்கர் மாறிப்போனது.
ஓசூர் என்று நினைத்து
நூற்று நாற்பது பிளேயரையும் அளந்தேன்.
ஏழில் தாடை பொருந்தவில்லை.
"வருத்தப்படாதே, உன் ஊர் இன்னும் கற்றுக்கொள்கிறது"
என்றார் வீசெமான். நல்ல மனிதர்தான்.
பிறகு பில்லைத் திருப்பினார்.
மலைக்கு அந்தப் பக்கத்துப் பட்டறை;
அவர் மைத்துனர் அங்கேதான் வேலை.
ரொட்டியைப் பாதியில் மடித்து வைத்துவிட்டார்.

மறுநாள் அட்டவணையில்
உள்ளூருக்கு நேரே இரண்டு ஐந்தாகியிருந்தது.
பென்சிலில்.
ஓசூருக்கு நேரே யாரும் கை வைக்கவில்லை,
நான் உட்பட.

இரவு தம்பி இளம்பரிதி கூப்பிட்டான்.
அந்தப் பெட்டிகளுக்கு இரும்பு அடிப்பவன்,
சம்மட்டி இரைச்சலுக்கு மேலே கத்தினான்:
"வர்றப்ப ஒரு ஜெர்மன் கட்டிங் பிளேயர் வாங்கிட்டு வாக்கா.
நம்மூரு சாமான் ஒரு வருஷம் தாங்காது."
எந்தக் கம்பெனி என்று கேட்டேன்.
எங்கள் கம்பெனி பேரைச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை ஊழியர் கடையில் ஒன்று எடுத்தேன்.
பளபளவென்று நிக்கல் பூச்சு,
கைக்கு இதமான சிவப்பு ரப்பர்.
ரப்பரை உரித்தால் உலை எண் தெரியும்.
அவன் எண் எனக்கு மனப்பாடம்.

உரிக்கவில்லை.
புடவைகளுக்கு நடுவே சுருட்டி வைத்தேன்.
விமான நிலையத்தில் கேட்டால்
ஜெர்மனியில் செய்தது என்றே சொல்வேன்.
குத்தியிருக்கிறதே.